ஒற்றைக்காலில் இருபது நொடி

(செங்கல்பட்டு மாவட்ட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய நேரம். கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும் நேரம் என்பதால் கண்ணை மூடியே ஒரு பயிற்சி செய்துவிடலாம். முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பில் வையுங்கள். பந்தை உதைக்கும் காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் காலில் நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணை மூடுங்கள். இருபது நொடி.

போதும், உட்காருங்கள். பத்து நொடிக்குள் பாதிப் பேர் காலை ஊன்றிவிட்டீர்கள். சிலர் கண்ணைத் திறந்துவிட்டீர்கள். சிரிப்பும் வந்தது. கண் திறந்திருந்தபோது எளிதாக இருந்த ஒன்று, கண்ணை மூடியதும் ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் இன்றைய தலைப்பு இருக்கிறது. விளையாட்டில் தலையில் அடிபட்ட மாணவரின் சமநிலையை எப்படி அளப்பது, அந்த அளவை வைத்து ஆசிரியராகிய நாம் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஸ்கேனில் தெரியாத காயம்

கபடியில் முட்டி தலையில் படுகிறது. கால்பந்தில் இருவர் ஒரே பந்துக்குத் தாவித் தலையும் தலையும் மோதுகின்றன. கிரிக்கெட்டில் பந்து எகிறுகிறது. மாமல்லபுரம், கோவளம் கடற்கரைகளில் அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகளுக்குப் பலகையே தலையில் வந்து மோதுகிறது. எலும்பு முறிவு இல்லை, இரத்தம் இல்லை. பையன் எழுந்து நின்று தலையை உலுக்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்கிறான். முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறோம்.

அந்த 'ஒண்ணும் இல்ல'வுக்குள் மூளை அதிர்வு இருக்கலாம். ஆங்கிலத்தில் கன்கஷன் என்கிறார்கள். மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதக்கும் மூளை, திடீர் அதிர்ச்சியால் உள்ளே குலுங்கி, அதன் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவதுதான் மூளை அதிர்வு. தலையில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை. உடம்பில் விழுந்த பலமான மோதலும் தலையைச் சுண்டி இழுத்தால் போதும். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்வு என்று பலர் நினைக்கிறோம். உண்மையில், பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் மூளை அதிர்வு தெரியாது. இரத்தக் கசிவு, எலும்பு முறிவு போன்றவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் ஸ்கேன் உதவும். "ஸ்கேன் நார்மல், நாளைக்கு மேட்ச் ஆடலாம்" என்று பெற்றோர் சொன்னால், அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற ரமன் லாம்பா பந்து தலையில் பட்டுச் சில நாள்களில் இறந்தார். 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்தார். இவர்கள் இருவருக்கும் ஏற்பட்டது மூளை அதிர்வைவிட மிகக் கடுமையான காயம். ஆனாலும் தலைக்காயம் குறித்த அலட்சியத்தை அந்த மரணங்கள் உலுக்கின. 2019 ஆகஸ்ட் முதல், மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே வீரருக்குப் பதில் வேறொருவரை இறக்கலாம் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதி கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில், கடைசி ஓவரில் ஹெல்மெட்டில் அடிவாங்கிய ஜடேஜாவுக்குப் பதிலாகச் சஹல் பந்துவீச வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் நடராஜன் தன் முதல் சர்வதேச டி20 ஆட்டத்தை ஆடியதும் அதே நாளில்தான்.

கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் வீரருக்கு மருத்துவர், பிசியோ, மாற்று வீரர் எல்லாம் இருக்கிறார்கள். குறுவட்டப் போட்டியில் ஆடும் நம் எட்டாம் வகுப்பு மாணவிக்கு யார் இருக்கிறார்கள்? களத்தின் ஓரத்தில் விசிலோடு நிற்கும் நாம்தான்.

அசைந்து அசைந்துதான் நிற்கிறோம்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப்போன எல்லோரும் வெண்ணெய் உருண்டைப் பாறையின் கீழ் நின்று படம் எடுத்திருப்போம். சரிவில் சிறிய அடிப்பரப்பில் அது நூற்றாண்டுகளாக அசையாமல் நிற்கிறது. மனிதர் நிற்பது அப்படியல்ல. நாம் ஓயாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மிக நுட்பமாக அசைந்து, அசைந்த ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டுதான் நிற்கிறோம்.

இந்தத் திருத்தத்துக்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி பெறுகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்செவி. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்கள், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும். மூன்றாவது பாதம், கணுக்கால், தசை, மூட்டு ஆகியவற்றின் உணர்வு. மூன்றையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டுச் சேர்ப்பது மூளையின் வேலை. கண்ணை மூடினால் ஒரு செய்தி நின்றுவிடும். மற்ற இரண்டையும் வைத்து மூளை சமாளிக்க வேண்டும். நலமான மூளை ஓரளவு சமாளிக்கும். அதிர்வுற்ற மூளைக்குச் செய்திகள் வந்தாலும் அவற்றைச் சேர்ப்பதில் தடுமாற்றம் ஏற்படும். ஆகவே கண்ணை மூடி நிற்கச் சொல்வது கால் வலிமையைச் சோதிக்க அல்ல. மூளை தன் கணக்கைச் சரியாகப் போடுகிறதா என்று பார்க்கத்தான்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. நொண்டியாட்டத்தில் ஒற்றைக்கால், கண்ணாமூச்சியில் மூடிய கண். இரண்டையும் சேர்த்தால் இந்தச் சோதனை.

அளக்கும் முறை

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான முறை இது. 'சமநிலைப் பிழைக் கணக்கு' என்று நாம் சொல்லலாம். அதன் சுருக்கிய வடிவம்தான் இன்று உலகெங்கும் விளையாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஸ்கேட்' மதிப்பீட்டுப் படிவத்தில் இடம்பெற்றிருக்கிறது. 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் மாநாட்டுக்குப் பிறகு அதன் ஆறாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒரு படிவம், 8 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு படிவம்.

தேவையானவை: சமமான, கெட்டியான தரை, ஒரு கடிகாரம், ஒரு தாள். மாணவர் வெறுங்காலோடு, கணுக்கால் தெரியும்படி நிற்க வேண்டும். கைகள் இடுப்பில், கண்கள் மூடியபடி. ஒவ்வொரு நிலையும் 20 நொடி.

முதல் நிலை: இரண்டு பாதங்களையும் சேர்த்து நிற்றல்.

இரண்டாம் நிலை: பந்தை உதைக்காத காலில் ஒற்றைக்காலாக நிற்றல்.

மூன்றாம் நிலை: ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்நுனியைத் தொடுமாறு நேர்கோட்டில் நிற்றல். உதைக்காத கால் பின்னால் இருக்க வேண்டும்.

எண்ண வேண்டிய பிழைகள் ஆறு. கை இடுப்பிலிருந்து எழுவது, கண்ணைத் திறப்பது, அடியெடுத்து வைப்பது அல்லது தடுமாறி விழுவது, இடுப்பு 30 பாகைக்கு மேல் பக்கவாட்டில் விலகுவது, முன்பாதமோ குதிகாலோ தரையிலிருந்து எழும்புவது, நிலை கலைந்த பின் 5 நொடிக்கு மேலும் திரும்பாமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழை. ஒரே நேரத்தில் இரண்டு பிழை நேர்ந்தால் ஒன்றாகவே எண்ண வேண்டும். ஒரு நிலைக்கு அதிக அளவு 10 பிழை. மூன்று நிலைக்கும் சேர்த்து 30.

இதோடு நடையையும் அளக்கலாம். தரையில் 3 மீட்டர் கோடு போட்டு, குதிகாலும் விரல்நுனியும் தொட்டுத் தொட்டு வேகமாக நடந்து, முனையில் திரும்பி, அதேபோல் வரச் சொல்லி நேரத்தைக் குறிக்க வேண்டும்.

நம் பள்ளிச் சூழலுக்காகச் சில குறிப்புகளைச் சொல்கிறேன். மணலிலோ மேடு பள்ளமான மைதானத்திலோ அளக்காதீர்கள். வகுப்பறையின் அல்லது தாழ்வாரத்தின் சிமென்ட் தரை நல்லது. வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நிறுத்தாதீர்கள். சூட்டில் காலைத் தூக்கினால் அதையும் பிழையாக எண்ணிவிடுவோம். ஓடி முடித்த கையோடு அளக்காதீர்கள். களைப்பு பிழையைக் கூட்டும். களைத்த உடல் பழைய நிலைக்குத் திரும்ப 15 முதல் 20 நிமிட ஓய்வு வேண்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கணுக்கால் சுளுக்கு, காதில் சீழ், சளி, காய்ச்சல், பசி இவையும் அளவைக் கெடுக்கும். இருந்தால் குறித்துவையுங்கள், அல்லது வேறொரு நாளில் அளங்கள். நிற்பவருக்கு அருகில் ஒரு மாணவர் கையை நீட்டித் தயாராக இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒற்றைக்காலில் நிற்பது நம் பள்ளிகளில் ஒரு காலத்தில் தண்டனையாக இருந்தது. தண்டனை என்ற நினைப்போடு நிற்கும் பிள்ளையின் அளவு சரியாக வராது. முதலில் ஆசிரியர் நின்று காட்டுங்கள். ஆசிரியர் தடுமாறினால் பிள்ளைகளுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. அதன்பின் அவர்களும் இயல்பாக நிற்பார்கள்.

அவரவர் அளவு அவரவருக்கே

அடிபட்ட பிறகு ஒரு மாணவருக்கு 6 பிழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது அதிகமா, குறைவா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது.

நம் மாவட்டத்தையே பாருங்கள். ஒரு பக்கம் கொளவாய் ஏரியைச் சுற்றிய உள்நாட்டு ஊர்ப் பள்ளிகள். மறுபக்கம் கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை கடலோரப் பள்ளிகள். கடலோரத்தில் நடை பழகிய நாளிலிருந்து ஆடும் படகில் ஏறி நிற்கும் பிள்ளை இருக்கிறான். பள்ளி விட்டதும் அலைச்சறுக்குப் பலகையில் நிற்பவளும் இருக்கிறாள். 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப்பும் மாமல்லபுரத்தில் நடந்தன. ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அப்போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். அதைக் கரையில் நின்று பார்த்த பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு இயல்பான நாளில் ஒரே ஒரு பிழைதான் வரும் என்று கொள்ளுங்கள். அடிபட்ட பிறகு 6 வந்தால் அவளுக்கு அது பெரிய சரிவு. இன்னொரு மாணவனுக்கு நல்ல நாளிலேயே 6 வரும். அவனுக்கு அது இயல்பு. இருவருக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் அவளுடைய காயத்தைத் தவறவிடுவோம், அவனைக் காரணமின்றிப் பயமுறுத்துவோம்.

வயதும் சேர்ந்துகொள்ளும். சிறு பிள்ளைகள் நிற்பதற்குக் கண்ணையே பெரிதும் நம்புகிறார்கள். வளர வளரத்தான் மற்ற இரண்டு புலன்களும் பொறுப்பெடுத்துக்கொள்கின்றன. ஆறாம் வகுப்பில் எடுத்த அளவு எட்டாம் வகுப்புக்கு உதவாது. ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக அளக்க வேண்டும்.

ஆகவே, அடிபடுவதற்கு முன் எடுத்துவைத்த அளவுதான் பொருளுள்ள அளவு. அதை எடுக்க முடிந்தவர் யார்? அடிபட்ட பிறகுதான் மருத்துவர் அந்த மாணவரை முதன்முதலில் பார்க்கிறார். நலமாக இருக்கும் நாளில் அந்தப் பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் ஆசிரியர். மருத்துவரிடம் இல்லாத ஒரு தகவல் நம்மிடம் இருக்கிறது என்பதை உணர வேண்டும்.

பூனையும் ஒற்றைக்காலில் நிற்கும்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் கையை உயர்த்தி ஒற்றைக்காலில் தவம் செய்யும் முனிவரைப் பார்த்திருப்பீர்கள். அதே பாறையில் சற்றுத் தள்ளி, அவரைப் போலவே கையைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனையும் இருக்கிறது. காலடியில் எலிகள். நிற்கும் கோலத்தை மட்டும் பார்த்து நம்பிவிடாதே என்று பல்லவச் சிற்பி சொல்லிவைத்ததாக நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

சமநிலைச் சோதனைக்கும் அது பொருந்தும். தடுமாறினால் ஏதோ சரியில்லை என்று நம்பலாம். ஆனால் தடுமாறாமல் நின்றுவிட்டால் எல்லாம் சரி என்று நம்பக்கூடாது. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூளை அதிர்வு உறுதியானவர்களிலும் அடிபட்ட உடனே இந்தச் சோதனை மட்டும் கண்டுபிடித்தது ஏறத்தாழ மூன்றில் ஒருவரைத்தான். அறிகுறிகள், நினைவாற்றல், சமநிலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பெரும்பாலோரைக் கண்டறிய முடிந்தது. 2003இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு 1,631 கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பின்தொடர்ந்தது. மூளை அதிர்வு ஏற்பட்ட 94 பேரில் சமநிலை 3 முதல் 5 நாள்களில் இயல்புக்கு வந்தது. ஆனால் தலைவலி, மந்தம் போன்ற அறிகுறிகள் அடங்க ஏழு நாள் ஆனது. அதாவது கால் முதலில் தேறிவிடுகிறது, தலை பின்னால்தான் தேறுகிறது. அவர்கள் வளர்ந்த கல்லூரி மாணவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரைகூட ஆகலாம்.

எனவே களத்தின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்து, "நல்லாத்தான் நிக்கிறான், உள்ளே போ" என்று அனுப்புவதற்கு இந்தச் சோதனையைப் பயன்படுத்தவே கூடாது. வெளியேற்றுவதற்கு இது ஒரு சான்றாகலாம். உள்ளே அனுப்புவதற்கு ஒருபோதும் ஆகாது.

அடிபட்ட நிமிடத்தில்

அப்படியானால் களத்தில் என்ன செய்வது? மருத்துவர் அல்லாதவர்களுக்காகவே ஓர் எளிய வழிகாட்டியும் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுக்குப் பின் வெளியானது. அதன் சாரம் மிக எளிது: சந்தேகம் வந்தால் வெளியேற்று. அன்றைக்கு மீண்டும் இறக்காதே.

முதலில் ஆபத்து அறிகுறிகள். கழுத்து வலி, வலிப்பு, நினைவு இழப்பு, பார்வை மங்கல் அல்லது இரண்டிரண்டாகத் தெரிதல், கை கால்களில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமும் தூக்கக் கலக்கமும் அதிகரித்தல், வழக்கத்துக்கு மாறான பரபரப்பு, மண்டையில் உருக்குலைவு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. கழுத்தில் காயம் என்று சந்தேகம் இருந்தால் மாணவரைத் தூக்கவோ உட்காரவைக்கவோ வேண்டாம், ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். சமநிலைச் சோதனைக்கு அங்கே இடமே இல்லை.

ஆபத்து அறிகுறி இல்லையென்றாலும் கவனியுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, தள்ளாடும் நடை, வெறித்த பார்வை, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில். "இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் போதும். பதில் சரியாக இருந்தாலும் மற்ற அறிகுறி ஒன்று இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

அதன் பிறகு அந்த மாணவரைத் தனியாக விடாதீர்கள். தனியாகப் பேருந்தில் ஏற்றி அனுப்ப வேண்டாம், மிதிவண்டியில் வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டாம். நாமாக வலி மாத்திரை தர வேண்டாம். பெற்றோரை வரவழைத்து, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கடலோரத்தில் போட்டி நடத்துகிறவர்கள், மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்து, வாகனத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அலைச்சறுக்கில் அடிபட்ட பிள்ளையை அன்று மீண்டும் தண்ணீரில் இறங்க விடவே கூடாது. தரையில் தள்ளாடினால் விழுவார், கடலில் தள்ளாடினால் மூழ்குவார்.

மருத்துவமனைக்குப் போகும்போது பெற்றோர் கையில் அந்த மாணவரின் அளவு அட்டையைக் கொடுத்தனுப்புங்கள். எப்போது, எப்படி அடிபட்டது, நினைவு தப்பியதா, வாந்தி எடுத்ததா என்று நாலு வரி எழுதிவிடுங்கள். மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ அளந்து பார்த்து நம் அளவோடு ஒப்பிடுவார். நலமாக இருக்கும்போது அளப்பது நாம். அடிபட்ட பின் அளப்பதும் முடிவு சொல்வதும் மருத்துவர்.

வகுப்பறை ஆசிரியர்களுக்கு

"இது பி.டி. சார் வேலைதானே" என்று கணித, தமிழ் ஆசிரியர்கள் நினைக்க வேண்டாம். நான் அறிந்த ஒரு மாணவி, ஒரு போட்டியில் கபடித் தடுப்பில் தலையில் அடிபட்டாள். இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு பள்ளிக்கு வந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் கரும்பலகையைப் பார்த்தால் தலைவலி, இரண்டு பாடவேளைக்கு மேல் உட்கார முடியவில்லை, படித்தது மனத்தில் நிற்கவில்லை. தேர்வில் மதிப்பெண் சரிந்தது. "விளையாட்டு விளையாட்டு என்று போய் படிப்பு போச்சு" என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு. அவள் சோம்பேறியாகவில்லை. அவள் மூளை இன்னும் தேறிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து எல்லாம் சரியானது. ஆனால் அதற்குள் வீட்டில் அவளை விளையாட்டிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். நல்ல ரெய்டர் ஒருத்தியை நாம் இழந்தோம்.

தலையில் அடிபட்ட பிள்ளைக்கு முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு வேண்டும். இருட்டறையில் படுக்கவைக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் நடமாடலாம். கைபேசி, தொலைக்காட்சியைக் குறைக்க வேண்டும். பிறகு தாங்கும் அளவுக்குப் படிப்பு. தேவையானால் சில நாள் அரைநாள் பள்ளி, அதிக வீட்டுப்பாடம் இல்லாமை, தேர்வைத் தள்ளிவைத்தல், ஜன்னல் வெளிச்சம் நேரே படாத இருக்கை. இவை சலுகை அல்ல, மருந்து. மருத்துவமனைக்கு எழுதிய அந்த நாலு வரிக் குறிப்பின் நகலை வகுப்பாசிரியருக்கும் கொடுத்துவிட்டால், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீண்டும் களத்துக்கு

களத்துக்குத் திரும்புவது ஆறு படிகள். அன்றாட நடமாட்டம் முதல் படி. மெதுவான ஓட்டம் போன்ற இலேசான உடற்பயிற்சி இரண்டாவது. தனியாகச் செய்யும் விளையாட்டுப் பயிற்சி மூன்றாவது. மோதல் இல்லாத குழுப் பயிற்சி நான்காவது. முழுப் பயிற்சி ஐந்தாவது. போட்டி ஆறாவது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். கபடிக்குச் சொன்னால், நடை, ஓட்டம், தனியாகக் கால்வேலை, பிடிக்காமல் செயின் பயிற்சி, பிடித்துப் பயிற்சி, போட்டி. நான்காம் படிக்குப் போகுமுன் அறிகுறிகள் முழுவதும் நீங்கியிருக்க வேண்டும், மருத்துவர் ஒப்புதல் வேண்டும். பள்ளிப் படிப்புக்கு முழுமையாகத் திரும்பாத மாணவரைப் போட்டிக்கு அனுப்பக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தேறாத மூளையில் விழும் இரண்டாவது அடி, சிறியதாக இருந்தாலும், வளரும் பிள்ளைகளுக்கு உயிராபத்தாகலாம். கனடாவின் ஒட்டாவாவில் 17 வயதுப் பள்ளி மாணவி ரோவன் ஸ்ட்ரிங்கர், ரக்பி ஆட்டங்களில் சில நாள்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013 மே மாதம் இறந்தார். தனக்கு மூளை அதிர்வோ என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. கைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறார், தோழியரிடம் சொல்லியிருக்கிறார். களத்திலிருந்து வெளியேற்றும் அதிகாரம் உள்ள பெரியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அதன் விளைவாக 2018இல் ஒன்டாரியோ மாகாணம் அவர் பெயரிலேயே சட்டம் இயற்றியது. அடிபட்ட பிள்ளை உண்மையைச் சொல்லத் தயங்காத சூழல் வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் உயிர். "சொன்னா சார் டீம்லேர்ந்து எடுத்துடுவார்" என்ற பயம் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. "சொன்னால்தான் மறுபடி ஆட முடியும்" என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தோழி சொன்னாலும் அது கோள் அல்ல என்று சொல்ல வேண்டும்.

கபடியை நிறுத்திவிடலாமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம். விளையாட்டு தரும் உடல்நலமும் துணிச்சலும் நட்பும் நம் பிள்ளைகளுக்குத் தேவை. ஹெல்மெட் போட்டால் மூளை அதிர்வு வராதா என்றும் கேட்பார்கள். ஹெல்மெட் மண்டை எலும்பைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுவதும் தடுக்க முடியாது. கண்டறிவதும் வெளியேற்றுவதும் பொறுமையாகத் திரும்ப அழைத்து வருவதுமே நம்மால் இயன்ற பாதுகாப்பு.

நிறைவாக, செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், பள்ளி அணிகளில் இருக்கும் மாணவ மாணவியரை மட்டுமாவது பெற்றோர் அறிய அளந்துவிடுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு கபடி அணிக்கு ஒரு மணி நேரம். ஓர் அட்டையில் பெயர், வயது, தேதி, தரை, மூன்று பிழை எண்கள், கோட்டில் நடந்த நேரம். விளையாட்டுப் பொருள்கள் இருக்கும் அலமாரியிலேயே ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள். போட்டிக்குப் போகும்போது முதலுதவிப் பெட்டியோடு அந்தக் கோப்பும் வரட்டும். அந்த அட்டைகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் தேவைப்படாமலே இருக்கும். அப்படியே இருக்கட்டும் என்றுதான் விரும்புகிறேன். என்றாவது ஒருநாள் ஒன்று தேவைப்பட்டால், "இவள் நன்றாக இருக்கும்போது எப்படி நிற்பாள்?" என்று மருத்துவர் கேட்கும்போது, பதில் நம் கையில் இருக்க வேண்டும்.